பழஞ்சேலைப் போர்வையும் பங்குனி மல்லிகையும்: இது 'சும்மா' வேலையா?



"நீங்க என்ன பண்றீங்க?" என்று யாராவது கேட்டால் நம்மில் பலர் சொல்லும் பதில், "வீட்லதான், சும்மாதான் இருக்கேன்" என்பதுதான். பிள்ளையின் பள்ளிக்கூட விண்ணப்பத்தில் தாயின் தொழில் என்று ஓர் இடம் இருக்கும். அங்கேயும் ஒரு கோடு போட்டுவிட்டு வந்துவிடுகிறோம். இந்தச் 'சும்மா' என்ற சொல் சரிதானா என்று உங்களிடம் கேட்கத்தான் இந்தக் கடிதம். பெரிய பெரிய விஷயங்களைச் சொல்லி வாதாட எனக்குத் தெரியாது. எங்கள் கம்பம் பள்ளத்தாக்கில் மாசி, பங்குனியில் பெண்கள் செய்கிற இரண்டே இரண்டு வேலைகளைச் சொல்கிறேன். ஒன்று, பழைய நூல் சேலையை அடுக்கிப் போர்வை தைப்பது. இன்னொன்று, வாசலிலும் கொல்லையிலும் பூச்செடி வளர்ப்பது. படித்துவிட்டு நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்.

மாசி பிறந்துவிட்டால் இங்கே பனி விலகி வெயில் ஏறத் தொடங்கும். மேகமலைப் பக்கமிருந்து விடியற்காலையில் இறங்குகிற குளிர் குறையும். மார்கழி, தையில் போர்த்திய போர்வைகளை எல்லாம் அலசி மொட்டைமாடியில் காயப் போடுவோம். எது நைந்திருக்கிறது, எது இன்னொரு வருஷம் தாங்கும் என்பது அப்போதுதான் தெரியும். ஆனி, ஆடியில் கேரளப் பக்கமிருந்து காற்றும் சாரலும் வந்துவிடும். அதற்குள் ஒட்டுப் போட வேண்டியதற்கு ஒட்டுப் போட்டு, புதிதாகத் தைக்க வேண்டியதையும் தைத்து முடிக்க வேண்டும். இதே நாட்களில்தான் மல்லிகை மொட்டுவிடும். வேம்பு பூத்துச் சொரியும். ஊருக்கு வெளியே போனால் இலையே இல்லாமல் நிற்கிற இலவ மரங்களில் நெத்து தொங்கும். ஆக, தையலும் பூவும் எங்களுக்கு ஒரே பருவத்து வேலைகள்.

எங்கள் வீட்டில் போர்வை தைக்கிற விதத்தைச் சொல்கிறேன். என் மாமியார் சொல்லிக் கொடுத்தது இது. ஒரு சேலை ஏறக்குறைய ஐந்தரை மீட்டர் நீளம் இருக்கும். அதை மூன்றாக மடித்தால் ஆறடி நீளமும் நாலடிக்குக் கொஞ்சம் குறைந்த அகலமுமாக மூன்று அடுக்கு கிடைக்கும். ஒரு ஆள் போர்த்திக்கொள்ள இது போதும். கீழே விரிப்பதற்கு என்றால் இரண்டு சேலை, ஆறு அடுக்கு. நைந்த பாகம் நடு அடுக்கில் போகும்படியும், அழுத்தமான பாகம் மேலும் கீழும் வரும்படியும் மடிக்க வேண்டும். முந்தானை மேலே வந்தால் பார்க்க லட்சணமாக இருக்கும்.

தரையில் பாய் போட்டு, மடித்த சேலையைச் சுருக்கமில்லாமல் நீவிவிட்டு, நான்கு மூலையிலும் கனமாக ஏதாவது வைக்க வேண்டும். எங்கள் வீட்டில் அம்மிக் குழவி, அரைப்படி, இரண்டு செங்கல். முதலில் குறுக்கும் நெடுக்குமாகப் பெரிய பெரிய தையல் போட்டு அடுக்குகள் நகராமல் நிறுத்த வேண்டும். வேலை முடிந்ததும் இதைப் பிரித்து எடுத்துவிடலாம். அதற்குப் பிறகு ஒரு அங்குலத்துக்கு ஒரு வரி என்று நீளவாக்கில் ஓட்டுத் தையல். ஓரம் பிரியாமல் இருக்க, வேறொரு சேலையின் கரையை வெட்டிச் சுற்றிலும் பட்டையாக வைத்துத் தைத்துவிட்டால் அதுவே பார்டர் ஆகிவிடும். விரலில் ஊசி ஏறாமல் இருக்கத் தையல்காரர்கள் போடுகிற அங்குஸ்தான் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மாமியார் காலத்தில் நூல்கண்டு வாங்கக்கூட யோசிப்பார்களாம். பழஞ்சேலையின் கரையிலிருந்தே இழையை உருவி, இரண்டு மூன்றாக முறுக்கித் தைப்பார்களாம்.

ஒரு முக்கியமான விஷயம். நூல் சேலையாக இருக்க வேண்டும். நைலான், பாலியஸ்டர் சேலைகள் வியர்வையை உறிஞ்சாது, மடித்தால் நழுவும், பிஞ்சுக் குழந்தைக்குச் சூடு. ஆண்டிப்பட்டிப் பக்கம் சக்கம்பட்டி, டி.சுப்புலாபுரம் ஊர்களில் நெய்கிற பருத்திச் சேலைகள் இதற்கு அருமையாக அமையும். பத்து வருஷம் உடுத்தித் துவைத்த சேலைக்கு வருகிற மெதுமெதுப்பு எந்தப் புதுத் துணிக்கும் வராது.

இப்போது ஒரு கணக்கு. என் மகள் பத்தாம் வகுப்பு படிக்கிறாள். அவளை வைத்துத்தான் இந்தக் கணக்கைப் போட்டேன். ஒரு சேலைப் போர்வையின் அகலத்துக்கு அங்குலத்துக்கு ஒன்றாக 45 வரி. ஒவ்வொரு வரியும் ஆறடி. மொத்தம் 270 அடித் தையல். அங்குலத்துக்கு இரண்டு குத்து என்று வைத்தால் 6,480 குத்து. நூல் கோத்து, முடிச்சுப் போட்டு, ஒரு வரி முடிக்கக் கால் மணி நேரம் ஆகிறது. அப்படிப் பார்த்தால் பதினோரு மணி நேரத்துக்கு மேல். மதியச் சாப்பாட்டுப் பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்த பிறகு, பிள்ளைகள் பள்ளி விட்டு வருவதற்கு முன்னால், ஒரு நாளைக்கு அரை மணி நேரம் உட்கார முடிந்தால் இருபத்து மூன்று நாள். ஒரு மாசி மாதம் இப்படியே போய்விடும். கணக்கைப் பார்த்துவிட்டு என் மகள், "ஏம்மா, இவ்வளவு வேலை செஞ்சுட்டா சும்மா இருக்கேன்னு சொல்ற?" என்று கேட்டாள். பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பூச்செடிக்கும் இதே போலக் கணக்கு உண்டு. மல்லிகை தானாகப் பூத்துவிடுவதில்லை. கார்த்திகை கடைசியில், மார்கழிக்கு முன்னால், கொடியைப் பாதி உயரத்துக்குக் கவாத்து செய்ய வேண்டும். காய்ந்த குச்சிகளை எடுத்துவிட்டு, தூரைச் சுற்றிக் கொத்தி, மக்கிய சாணத்தைப் போட வேண்டும். அரிசி கழுவின தண்ணீரை வீணாக்காமல் ஊற்றிவர வேண்டும். இத்தனையும் செய்தால்தான் மாசிக் கடைசியில் மொட்டு எட்டிப் பார்க்கும். பங்குனி, சித்திரையில் தினமும் சாயங்காலம் ஒரு கிண்ணம் நிறையக் கிடைக்கும். மதுரை மல்லிகைக்கு 2013-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்த மல்லிகை விளைகிற பகுதியில் எங்கள் தேனி மாவட்டமும் சேர்த்தி. அந்தப் பெருமை தோட்டக்காரர்களோடு, கொல்லையில் இரண்டு கொடி வைத்திருக்கிற நமக்கும் கொஞ்சம் உண்டுதானே!

முகூர்த்த நாட்களில் பூ விலை எப்படி எகிறும் என்று உங்களுக்கே தெரியும். அந்த நாளில் கடைக்குப் போகாமல் வீட்டுப் பூவையே கட்டித் தலையில் வைக்கிறோம், சாமிக்கும் போடுகிறோம். வீரபாண்டி கௌமாரியம்மன் கோயில் சித்திரைத் திருவிழாவுக்குப் போகும்போது கையில் கொண்டு போவதும் இந்தப் பூதான். கனகாம்பரமும் செம்பருத்தியும் வருஷம் முழுக்கக் கைகொடுக்கும். அந்திமந்தாரை விதையைத் தூவிவிட்டால் போதும், சாயங்காலம் வாசலே நிறைந்திருக்கும். கொடியைப் பதியன் போட்டு, பக்கத்து வீட்டுக்கு ஒன்று, நாத்தனார் வீட்டுக்கு ஒன்று என்று கொடுத்தனுப்புகிறோம். இதற்கெல்லாம் எந்த நோட்டிலும் வரவு எழுதுவதில்லை.

போர்வையும் பூவும் ஒன்று சேருகிற இடம் ஒன்று சொல்லட்டுமா? வேப்பம்பூ! பங்குனிக் கடைசியில் வேப்ப மரத்தடியில் ராத்திரியே பழைய விரிப்பை விரித்து வைத்துவிடுவோம். விடியலில் பார்த்தால் பூ சொரிந்து கிடக்கும். மண் ஒட்டாமல் அள்ளி, தூசி தும்பு புடைத்து, நிழலில் இரண்டு நாள், வெயிலில் ஒரு நாள் காயவைத்து டப்பாவில் அடைத்தால் சித்திரை வருஷப் பிறப்புப் பச்சடிக்கும் ஆச்சு, அடுத்த பங்குனி வரைக்கும் ரசத்துக்கும் ஆச்சு. போர்த்தியே நைந்துபோன விரிப்பு கடைசி காலத்தில்கூட இப்படி உழைக்கிறது.

எங்கள் வட்டாரத்தில் படுக்கை என்று பேசினால் இலவம்பஞ்சைச் சொல்லாமல் இருக்க முடியாது. போடிநாயக்கனூர், வருசநாடு, கடமலைக்குண்டுப் பக்கம் எல்லாம் இலவ மரங்கள் உண்டு. போடியில் இலவம்பஞ்சு மெத்தை, தலையணை செய்வது பேர் போன தொழில். இந்த மரத்தின் கதையே விசித்திரம். இலை எல்லாம் உதிர்ந்த பிறகு பூக்கும். வெளிர் மஞ்சள் கலந்த வெள்ளையில், ராத்திரியில் மலரும். தேன் குடிக்க வௌவால்கள் வரும். மகரந்தத்தைக் கொண்டு சேர்ப்பதும் அவைதான். பிறகு காய் பிடித்து, கோடையில் நெத்தாகி வெடிக்கும். பழுக்கும் பழுக்கும் என்று காத்திருந்த கிளி ஏமாந்த கதையைத்தான் 'இலவு காத்த கிளி' என்கிறோம். கிளி ஏமாந்தால் என்ன, நமக்குத் தலையணை ஆச்சு!

இந்தப் பஞ்சின் இழைக்குள் காற்றுதான் நிறைந்திருக்கிறது. மேலே மெழுகு மாதிரி ஒரு பூச்சு உண்டு. அதனால் தண்ணீரில் போட்டால் மிதக்கும். அந்தக் காலத்தில் கப்பல்களில் போடுகிற உயிர்காப்புச் சட்டைக்குள் இதைத்தான் அடைத்தார்கள். 1942-ல் ஜாவா தீவு ஜப்பான் கைக்குப் போனதும், அங்கிருந்து அமெரிக்காவுக்கு இலவம்பஞ்சு வருவது நின்றுவிட்டது. அதனால் அங்கே பள்ளிக்கூடப் பிள்ளைகளை விட்டு, நம் எருக்கஞ்செடி வகையைச் சேர்ந்த ஒரு செடியின் பஞ்சைச் சேகரித்தார்கள். நாம் தலைக்கு வைத்துப் படுக்கிற பஞ்சுக்கு அப்படி ஒரு மதிப்பு இருந்திருக்கிறது.

சில சகோதரிகள் போர்வைக்குள் இலவம்பஞ்சு வைக்கலாமா என்று கேட்கக்கூடும். வேண்டாம். அது வழுவழுப்பான பஞ்சு. மெல்லிய துணிக்குள் நிற்காது, நழுவி மூலைக்குப் போய்க் கட்டியாகிவிடும். போர்வைக்குச் சேலை அடுக்கே போதும். தலையணைக்கும் மெத்தைக்கும்தான் இலவம்பஞ்சு. நெத்தை வாங்கி வீட்டிலேயே உடைத்துக் கொட்டையைப் பிரிப்பதானால், காற்று வீசாத இடத்தில், மூக்கையும் வாயையும் துணியால் நன்றாகக் கட்டிக்கொண்டு செய்யுங்கள். தூசி நெஞ்சுக்கு ஆகாது. பஞ்சு உடைக்கிற இடங்களில் எத்தனையோ பெண்கள் நாள் முழுக்க அந்தத் தூசிக்குள்தான் வேலை செய்கிறார்கள் என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள். தலையணையை நனைக்கக் கூடாது. மாதம் ஒரு தரம் நல்ல வெயிலில் போட்டுப் புரட்டினால் மறுபடி உப்பிக்கொள்ளும்.

இப்போது ஸ்பாஞ்ச் மெத்தையும் செயற்கைப் பஞ்சுத் தலையணையும் வந்து இலவம்பஞ்சின் மவுசைக் குறைத்துவிட்டன. மரம் நிற்கிற ஊரிலேயே தவணைக்கு ஸ்பாஞ்ச் மெத்தை வாங்குகிறோம். வாங்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. முதுகுவலிக்காரர்களுக்கு அதுவும் வேண்டியிருக்கிறது. ஆனால் நம் காட்டில் விளைவது என்ன, நம் கை செய்யக்கூடியது என்ன என்று தெரியாமலேயே அடுத்த தலைமுறை வளர்ந்துவிடக் கூடாது என்பதுதான் என் கவலை.

போன வருஷம் எங்கள் தெருவில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். பழைய துணிக்குப் பாத்திரம் கொடுக்கிறவர் வந்திருந்தார். பக்கத்து வீட்டு மதினி ஒரு மூட்டைத் துணியைக் கொண்டுவந்து போட்டார். அவர் பேண்ட், சட்டையை எல்லாம் ஒரு பக்கம் எடுத்து வைத்துக்கொண்டார். அடியில் மதினியின் அம்மா தைத்த பழஞ்சேலைப் போர்வை ஒன்று. அம்மா தவறிப்போய் ஆறேழு வருஷம் ஆகிறது. அவர் அதை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்துவிட்டு, "இது கந்தல் தாயி, இதுக்கு ஒண்ணும் வராது" என்று மண்ணில் போட்டார்.

திண்ணையில் உட்கார்ந்திருந்த என் மாமியாருக்கு அது பொறுக்கவில்லை. "ஏத்தா, உங்க ஆத்தா கையி அது. இங்க கொண்டா" என்று வாங்கி மடியில் போட்டுக்கொண்டார். அவருக்கு எழுபது தாண்டிவிட்டது. ஒரு கண்ணில் புரை. ஊசியில் நூல் கோக்க நான்தான் வேண்டும். ஆனாலும் விரலால் தடவித் தடவி எங்கே இழை விட்டிருக்கிறது என்று கண்டுபிடித்துவிடுவார். நானும் அவருமாக எட்டு இடத்தில் ஒட்டுப் போட்டு, ஓரத்தைப் புதிதாக அடித்து, துவைத்துக் கொடுத்தோம். மதினியின் மகளுக்கு ஆவணியில் பிரசவம் ஆனது. பாட்டியின் அம்மா தைத்த அந்தப் போர்வையில்தான் இன்றைக்கு அந்தக் குழந்தை புரண்டு விளையாடுகிறது. பாத்திரக்காரரின் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் தொழில் அது. நாமே விலை வைக்காத பொருளுக்கு அவர் ஏன் விலை வைக்கப் போகிறார்?

மற்ற ஊர்களில் இதே கந்தலை எப்படிப் பார்க்கிறார்கள் தெரியுமா? வங்காளத்தில் பழைய சேலைகளை அடுக்கி ஓட்டுத் தையல் போடுவதைக் 'காந்தா' என்கிறார்கள். நம் 'கந்தை' என்ற சொல்லுக்கு உறவுக்காரச் சொல்தான் அது. காந்தாத் தையலுக்காக மேற்கு வங்கத்தைச் சேர்ந்த பிரீத்திகணா கோஸ்வாமி என்ற அம்மாவுக்கு 2023-ல் பத்மஸ்ரீ விருது கொடுத்தார்கள். பீகாரில் 'சுஜனி' என்கிறார்கள். முசாபர்பூர் பக்கத்துப் பூசுரா கிராமத்துப் பெண்கள் அதையே வருமானம் தரும் தொழிலாக்கிவிட்டார்கள். தங்கள் வாழ்க்கையில் பார்த்த கஷ்டங்களையே படமாகத் தைக்கிறார்கள். மகாராஷ்டிரத்தில் 'கோதடி', கர்நாடகத்தில் 'கௌதி'.

கடல் தாண்டியும் இந்தக் கதை உண்டு. அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தில் ஜீஸ் பெண்ட் என்று ஒரு சிற்றூர். பருத்திக் காட்டில் அடிமைகளாக உழைத்தவர்களின் வழிவந்த கறுப்பினப் பெண்கள், குளிருக்குப் போர்த்த வேறு வழியில்லாமல், நைந்த வேலை உடுப்புகளை வெட்டி ஒட்டுப் போர்வை தைத்தார்கள். 1966-ல் அந்தப் பகுதிப் பெண்கள் ஒரு கூட்டுறவுச் சங்கம் தொடங்கினார்கள். 2002-ல் அந்தப் போர்வைகளை ஹூஸ்டன் அருங்காட்சியகத்திலும், பிறகு நியூயார்க்கில் விட்னி அருங்காட்சியகத்திலும் ஓவியங்களைப் போலச் சுவரில் மாட்டி வைத்தார்கள். 2006-ல் அமெரிக்க அரசு அவற்றைத் தபால் தலையாகவே வெளியிட்டது. தைத்தவர்கள் நம்மைப் போல வீட்டு வேலையும் காட்டு வேலையும் பார்த்த பெண்கள்தான். துணியும் நம்முடையது மாதிரிக் கிழிசல்தான்.

எங்கள் வீட்டுக்காரர் நல்ல மனிதர்தான். ஆனாலும் ஒருநாள், "கடைக்குப் போனா நானூறு ரூபாய்க்குப் போர்வை கிடைக்குது. இதுக்கு ஒரு மாசம் குனிஞ்சு கிடக்கணுமா?" என்று கேட்டார். அவர் கேட்டதிலும் நியாயம் இருக்கிறது. பதினோரு மணி நேரத்துக்குக் கூலி போட்டால் கடைப் போர்வைதான் மலிவு. ஆகவே 'சிக்கனம்' என்ற ஒரே காரணத்தைச் சொல்லி நான் வாதாட மாட்டேன்.

நான் சொன்ன பதில் இதுதான். "என்னங்க, அந்த அரை மணி நேரம் ஒண்ணுதான் எனக்கே எனக்குன்னு கிடைக்குது. நாள் பூரா செய்யிற சமையல் சாயங்காலத்துக்குள்ள தீர்ந்துபோகுது. துவைச்ச துணி மறுநாள் அழுக்காகுது. பெருக்கின வீடு மறுபடி குப்பையாகுது. இந்தப் போர்வை மட்டும்தான் நான் செஞ்சேன்னு சொல்ல அப்படியே நிக்குது." அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை மொட்டைமாடிக்குக் கனமான விரிப்பைத் தூக்கிக்கொண்டு போய் அவரே காயப் போட்டார்.

இதில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. என் மாமியார் காலத்தில் தைத்தே ஆக வேண்டும். வேறு போர்வை வாங்க வழியில்லை. காடு கழனிக்குப் போய்விட்டு வந்து, சிமினி விளக்கு வெளிச்சத்தில்தான் அவர் தைத்தார். "அந்தக் காலத்துப் பொம்பளைங்க எவ்வளவு செஞ்சாங்க, நீங்க என்ன செய்றீங்க" என்று யாராவது இதை வைத்து நம்மை இடித்துப் பேசினால் அதை ஒத்துக்கொள்ளாதீர்கள். பிடித்தவர்கள் செய்யட்டும். நேரம் இல்லாதவர்கள் கடையில் வாங்கட்டும். நூறு நாள் வேலைக்கும் திராட்சைத் தோட்டத்துக்கும் போய்விட்டு வருகிற சகோதரிக்கு இன்னொரு சுமையாக இது ஆகிவிடக் கூடாது. ஆனால் செய்கிறவளைப் பார்த்து 'சும்மா இருக்கா' என்று மட்டும் யாரும் சொல்ல வேண்டாம்.

பூ விஷயத்திலும் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. எங்கள் வீட்டு மல்லிகைக்குத் தண்ணீர் ஊற்றுவது, கவாத்து செய்வது, சாயங்காலம் மொட்டுப் பறிப்பது, வாழைநாரில் நெருக்கமாகக் கட்டுவது எல்லாம் மாமியார்தான். மாமனார் காலமான பிறகு ஒரு மொட்டைக்கூட அவர் தலையில் வைத்ததில்லை. நாங்கள் எவ்வளவோ சொல்லிவிட்டோம். "ஊரு ஒரு மாதிரிப் பேசும்த்தா" என்கிறார். உழைப்பு ஒருவருடையது, வாசம் மற்றவர்களுக்கு. வளர்த்தவர் வைத்துக்கொண்டால் என்ன என்று நம் பெண்கள்தான் முதலில் சொல்ல வேண்டும். ஊர் என்பது நாமும் சேர்ந்ததுதானே!

நம் உழைப்பைக் கணக்கில் சேர்க்காதது வீட்டில் மட்டும் இல்லை. 2011 மக்கள் தொகைக் கணக்கெடுப்பில், சம்பளம் இல்லாமல் வீட்டுக் கடமைகளை மட்டும் செய்கிறவர்கள் 'வேலை செய்யாதோர்' என்ற பிரிவில்தான் வந்தார்கள். ஆனால் 2024-ல் மத்திய அரசின் புள்ளியியல் அமைச்சகம் நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு வேறு மாதிரிச் சொல்கிறது. வீட்டு வேலையில் ஈடுபடுகிற பெண்கள் அதற்காக ஒரு நாளைக்குச் சராசரியாக 289 நிமிடம் செலவிடுகிறார்கள். அதே வேலையில் ஈடுபடுகிற ஆண்கள் 88 நிமிடம். அதாவது நமக்கு ஐந்து மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு, அவர்களுக்கு ஒன்றரை மணி நேரம். வேலை செய்யாதவர்களுக்கு இத்தனை நிமிடம் எங்கிருந்து வந்தது?

சென்னை உயர் நீதிமன்றம் 2023 ஜூன் மாதம் ஒரு தீர்ப்புக் கொடுத்தது. கணவர் வெளிநாட்டில் சம்பாதித்தார், மனைவி ஊரில் குடும்பத்தைப் பார்த்துக்கொண்டார். பிறகு சொத்துத் தகராறு வந்தது. நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி, மனைவி வீட்டை நிர்வாகம் செய்ததால்தான் கணவரால் நிம்மதியாகச் சம்பாதிக்க முடிந்தது, ஆகவே சொத்துச் சேர்த்ததில் அவருடைய பங்களிப்பும் உண்டு, சம பங்குக்கு உரிமை உண்டு என்று தீர்ப்பளித்தார். சட்டம் படித்தவர்களுக்கே புரிந்துவிட்டது. நம் வாயிலிருந்து மட்டும் அந்தச் 'சும்மா' இன்னும் போக மாட்டேன் என்கிறதே!

தோழியரே, எனக்குத் தோன்றிய சில யோசனைகளைச் சொல்கிறேன். வீட்டில் பழஞ்சேலைப் போர்வை ஏதாவது இருந்தால், அம்மாவோ அத்தையோ அப்பத்தாவோ தைத்ததாக இருந்தால், அதைப் பாத்திரத்துக்குப் போடாதீர்கள். தைத்தவர் உயிரோடு இருந்தால் பக்கத்தில் உட்கார்ந்து எந்தச் சேலை, எந்த வருஷம், யாருக்காகத் தைத்தது என்று கேளுங்கள். புதிதாகத் தைக்கிறவர்கள் ஒரு மூலையில் உங்கள் பெயரையும் வருஷத்தையும் நூலாலேயே எழுதிவிடுங்கள். நாங்கள் இந்த வருஷம் அப்படித்தான் செய்தோம். நடுவில் என் மகள் சாக்பீஸால் ஒரு புள்ளிக் கோலம் போட்டுக் கொடுத்தாள். அதன் மேலேயே தைத்தோம். மூலையில் மாமியார் பெயர், என் பெயர், மகள் பெயர் மூன்றும் இருக்கிறது. எழுதத் தெரியாத என் மாமியார் தன் பெயரை விரலால் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

மகன்களுக்கும் ஊசி பிடிக்கச் சொல்லிக் கொடுங்கள். பட்டன் தைக்கவும் செடிக்குக் கவாத்து செய்யவும் தெரிந்த பையன், நாளைக்குத் தன் மனைவியைப் பார்த்து 'சும்மாதானே இருக்க' என்று சொல்ல மாட்டான். பள்ளியில் கேட்கிற 'தாயின் தொழில்' என்ற இடத்தில் இனிமேல் கோடு போடாதீர்கள். 'இல்ல நிர்வாகம்' என்று எழுதுங்கள். எங்கள் வீட்டில் இந்த வருஷம் அப்படித்தான் எழுதியிருக்கிறோம்.

இந்தப் போர்வையை உங்கள் ஊரில் என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுகிறீர்கள்? எத்தனை அடுக்கு வைக்கிறீர்கள்? ஓரம் எப்படி அடிக்கிறீர்கள்? மல்லிகைக்கு நீங்கள் என்ன பக்குவம் செய்கிறீர்கள்? இந்தப் பகுதிக்கு எழுதுங்களேன். என் மாமியாருக்குப் படித்துக் காட்டுவேன். கண் தெரியாவிட்டாலும் காது நன்றாகக் கேட்கிறது அவருக்கு.

இப்படிக்கு,
ஓர் இல்லத்தரசி,
உத்தமபாளையம் வட்டம், தேனி மாவட்டம்.